தசையும் ஜவ்வும் – 7: ஐஸ் வைக்கலாமா?

கணுக்கால் பிசகினால் நம் வீடுகளில் உடனே இரண்டு கட்சிகள் முளைக்கும். ஒன்று ஐஸ் கட்சி, மற்றது எண்ணெய் போட்டு உருவிவிடும் கட்சி. கால் முதலில் வந்து பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்லும் மூன்றாம் கட்சி, நல்லவேளையாக முதுகுப் பிடிப்போடு நின்றுவிட்டது.

ஐஸ் கட்சிக்கு 1978-ல் ஒரு வேதம் கிடைத்தது. அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், அந்த ஆண்டு வெளியான தம் நூலில் ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், காலை உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து ‘ரைஸ்’ என்று பெயர் சூட்டினார். விளையாட்டுப் பயிற்சியாளர்கள் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள். 35 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அவரே எழுதினார்: ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும். தாம் பெயர் வைத்த வைத்தியத்தைத் தாமே திருத்த எத்தனை மருத்துவர்களுக்கு மனம் வரும்?

வீங்குவதே கெடுதல் என்று நினைக்கிறோம். ஆனால் பிசகும்போது கிழிந்த ஜவ்வின் சிதைவுகளை அகற்றும் வெள்ளணுக்களும், புதுத் திசுவை வளரத் தூண்டும் பொருள்களும் அந்த அழற்சியின்போதுதான் அங்கே வந்து சேர்கின்றன. ஐஸ் ரத்தக்குழாய்களைச் சுருக்கி அந்த வரவைக் குறைக்கிறது. வலி தாங்காவிட்டால் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். வலி மரத்துப்போகும், அவ்வளவுதான். க்ரேப் பேண்டேஜ் சுற்றுங்கள், காலைத் தலையணைமேல் வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் யாரையும் உருவவிடாதீர்கள். உள்ளே கசிவு கூடும்.

எலும்பு முறிந்திருக்குமோ என்ற பயத்துக்கு, 1992-ல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் ஒரு வழி சொன்னார்கள். கணுவின் இருபுறமும் துருத்தும் எலும்பின் நுனியையோ பின்விளிம்பையோ அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளியோரத்தில், நடுவே புடைத்திருக்கும் எலும்பிலோ, உள்பக்க வளைவின் மேலுள்ள எலும்பிலோ வலிக்கிறதா? நொண்டியாவது நாலடி வைக்க முடியவில்லையா? ஒன்றுக்கு ஆமென்றாலும் எக்ஸ்ரே எடுங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் இந்தச் சோதனையை நம்பாமல் நேரே மருத்துவரிடம் போகவேண்டும்.

முறிவில்லையென்றால் வலி பொறுக்கும் அளவுக்கு ஓரிரு நாளிலேயே மெல்ல நடக்கத் தொடங்கலாம். பாரம் விழுந்தால்தான் புதிய நார்கள் சரியான திசையில் அடுக்கி வளரும்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இதற்கப்புறம். வலி இரண்டு வாரத்தில் போய்விடும். ஜவ்வு பலம் பெற மாதக்கணக்கில் ஆகும். பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அந்த ஜவ்வில்தான் இருக்கின்றன. அவையும் அடிபட்டிருக்கும். பழக்கப்படுத்தாமல் விட்டால் அதே கால் மறுபடி பிசகும். ‘எனக்கு அடிக்கடி சுளுக்கும், உடம்பு வாகு அப்படி’ என்பவர்களில் பலர் முதல் சுளுக்கைப் பாதியில் விட்டவர்கள்தான்.

நின்றால் வலியில்லை என்ற நிலை வந்ததும், பல் துலக்கும்போது அந்த ஒற்றைக் காலில் நில்லுங்கள், சுவரைத் தொட்டபடி. பழகியபின் கையை எடுங்கள், பிறகு கண்ணை மூடுங்கள். இதை மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். அதற்குப் பிறகும் கால் நழுவுவதுபோல் இருந்தால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

(தொடரும்)