செவ்வாயிலிருந்து திரும்பி வர ஆக்சிஜன்

செவ்வாய்க் கோளின் காற்றில் சுமார் 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. மூச்சுவிட உதவும் ஆக்சிஜன் அதில் இல்லையென்றே சொல்லலாம். காற்றழுத்தமோ பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆனாலும் கார்பன் டை ஆக்சைடின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. அவற்றை அங்கேயே பிரித்தெடுத்துக்கொண்டால் பூமியிலிருந்து சுமந்து செல்ல வேண்டிய பாரம் பெருமளவு குறையும்.

ஆக்சிஜன் என்றதும் சுவாசம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதை மிக அதிகமாகக் கேட்பது ராக்கெட்தான். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு செவ்வாயின் தரையிலிருந்து கிளம்ப ஏறத்தாழ 7 டன் எரிபொருளும், அதை எரிக்க 25 டன் ஆக்சிஜனும் வேண்டும் என்பது நாசாவின் கணக்கு. அதே நால்வர் ஓராண்டு அங்கே தங்கி மூச்சுவிட ஒரு டன் போதும். இந்தப் பிரச்சினையில் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இந்த வேறுபாடுதான்.

செவ்வாயின் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிப்பது நடக்கக்கூடியது என்று காட்டியது மாக்ஸி என்ற கருவி. 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயின் ஜெசிரோ பள்ளத்தில் இறங்கிய நாசாவின் பெர்செவரன்ஸ் ஊர்தியின் வயிற்றுக்குள் அது இருந்தது. எடை சுமார் 17 கிலோ. வெளிக்காற்றைத் தூசி வடிகட்டி உள்ளிழுத்து, அழுத்தி, 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும். அந்த வெப்பம் ஊர்தியின் மற்ற பாகங்களைத் தாக்காமலிருக்க வெளிப்புறத்துக்குத் தங்கப் பூச்சு.

சூடான வாயு மின்னூட்டப்பட்ட பீங்கான் தகடுகளை அடைகிறது. அங்கே கார்பன் டை ஆக்சைடு ஓர் ஆக்சிஜன் அணுவை இழந்து கார்பன் மோனாக்சைடாகிறது. பிரிந்த அணு எலெக்ட்ரான்களைப் பெற்று அயனியாகிறது. சிர்கோனியாவால் ஆன அந்தப் பீங்கான் ஆக்சிஜன் அயனியை மட்டுமே மறுபக்கம் கடக்க விடும். அங்கே இரண்டிரண்டாகச் சேர்ந்து அவை ஆக்சிஜன் வாயுவாகின்றன. மின்னழுத்தத்தைச் சரியாக வைப்பதுதான் இதில் நுட்பமான வேலை. குறைந்தால் விளைச்சல் இல்லை. கூடினால் கார்பன் மோனாக்சைடும் உடைந்து, கரி படிந்து தகடே பாழாகிவிடும்.

2021 ஏப்ரல் 20 அன்று முதல் முறையாக 5.4 கிராம் ஆக்சிஜன் கிடைத்தது. பூமிக்கு வெளியே வேறொரு கோளில் மனிதர் ஆக்சிஜன் தயாரித்தது அதுவே முதல் தடவை. 2023 ஆகஸ்ட் வரை 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம் தந்தது. ஒரு மனிதருக்கு நான்கு மணி நேரத்துக்குக்கூட அது காணாது. ஆனால் செவ்வாயின் காற்றடர்த்தி பருவத்துக்குப் பருவம், பகலுக்கும் இரவுக்கும் மாறுகிறது. அந்த மாற்றங்களுக்கு நடுவிலும் கருவி தளரவில்லை. உச்சத்தில் மணிக்கு 12 கிராம் வரை எட்டியது, தூய்மை 98 விழுக்காடோ அதற்கும் மேலோ இருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மைக்கேல் ஹெக்ட் தலைமையிலான குழுவின் அருமையான சாதனை இது.

எரிபொருளுக்கு வழி இன்னும் பழையது. கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் சூடான நிக்கல் வினையூக்கியின் மேல் செலுத்தினால் மீத்தேனும் நீரும் கிடைக்கும். இதைக் கண்டறிந்த பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாத்தியே 1912இல் நோபல் பரிசு பெற்றார். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2010 முதல் இம்முறை பயன்பட்டிருக்கிறது. வீரர்கள் வெளிவிடும் மூச்சிலிருந்து நீர் பெறப்பட்டு, மின்பகுப்பில் அது ஆக்சிஜனாகிறது. உடன் வரும் மீத்தேனை விண்வெளியில் வெளியேற்றிவிடுகிறார்கள். செவ்வாயிலோ அந்த மீத்தேன்தான் ராக்கெட்டுக்கு எரிபொருள். அதற்கு வேண்டிய ஹைட்ரஜனைத் தரையடிப் பனியிலிருந்து எடுக்கலாம். 2008இல் பீனிக்ஸ் கலம் வடதுருவத்தை ஒட்டிய பகுதியில் மண்ணைத் தோண்டி அத்தகைய பனியை உறுதிசெய்தது.

மீதமுள்ள வேலை பெரிது. ராக்கெட்டுக்கு வேண்டியதை உரிய காலத்துக்குள் சேர்க்க மணிக்கு 2 முதல் 3 கிலோ ஆக்சிஜன் தயாராக வேண்டும். அதற்கு 25 கிலோவாட்டுக்கு மேல் மின்சாரம் தேவை. வாயுவைச் சுமார் மைனஸ் 183 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கி, மாதக்கணக்கில் ஆவியாகாமல் காக்க வேண்டும். 2018இன் புழுதிப் புயலில் சூரியத் தகடுகளை நம்பியிருந்த ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி நின்றே போனதால், அணுசக்தி பற்றியும் யோசிக்கிறார்கள். பூமியிலிருந்து செவ்வாய்க்குக் கிளம்ப ஏற்ற காலம் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே ஆக்சிஜன் தயாரிக்கும் ஆலையை ஒரு சுற்று முன்னதாக அனுப்பி, தொட்டி நிரம்பியதை உறுதிசெய்துகொண்ட பிறகே மனிதர்களை ஏற்றுவது என்பதே விஞ்ஞானிகள் வகுத்திருக்கும் வரிசை.