சர்க்கார் வக்கீலின் கடமை

பெரம்பலூரிலோ அரியலூரிலோ கோர்ட்டு வாயிலில் நிற்போரை, “சர்க்கார் வக்கீலின் வேலை யாது?” என வினவினால், “தண்டனை வாங்கித் தருவது” என்றே பலரும் விடையிறுப்பர். அஃது அரைகுறை விடையேயாம். கிடைத்த சாட்சியத்தை ஒளிவின்றி நீதிபதியின்முன் வைத்து, உண்மை துலங்கச் செய்வதே அவர் கடமை. எதிரிக்குச் சாதகமான சாட்சியத்தையும் அவர் மறைத்தலாகாது. எதிரி விடுதலையடைவது அவருக்குத் தோல்வியுமன்று.

இப்பதவிக்கு வழி யாது? சட்டப் பட்டம் பெற்று, வக்கீலாகப் பதிந்து, கிரிமினல் கோர்ட்டுகளில் பழக வேண்டும். மாஜிஸ்டிரேட் கோர்ட்டுகளுக்குரிய உதவி வக்கீல்களை நம் மாநிலத் தேர்வாணையம் பரீட்சை வைத்துத் தெரிந்தெடுக்கிறது. ஸெஷன்ஸ் கோர்ட்டில் சர்க்கார் வக்கீலாவதற்கு 7 ஆண்டேனும், விசேஷ வக்கீலாவதற்கு 10 ஆண்டேனும் தொழில் புரிந்திருத்தல் வேண்டும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டமும் இவ்விதிகளை வைத்துள்ளது. மத்திய சர்க்காரும் தான் தொடரும் வழக்குகளுக்குத் தன் வக்கீல்களை நியமிக்கின்றது.

இவ்வழி கடல் கடந்தும் செல்லும் என்பதற்கு ஸ்ரீ பி. கோவிந்த மேனனே சான்று. சென்னையில் கிரவுன் பிராசிக்யூட்டராக விளங்கிய அவர், ஜப்பானியத் தலைவர்கள் 28 பேரை விசாரிக்க 1946-இல் டோக்கியோவில் கூடிய சர்வதேச நீதிமன்றத்தில் இந்தியாவின் சார்பில் வழக்கு நடத்தச் சென்றார். அவ்வழக்கு நமக்கு அயலானதன்று. அந்நாளில் பெரம்பலூரும் அரியலூரும் அடங்கியிருந்த திருச்சி ஜில்லாவிலிருந்து மலேயாத் தோட்டங்களுக்குச் சென்றோர் பலர். யுத்த காலத்தில் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் எண்ணற்றோர் நோயாலும் பசியாலும் மாண்டனர். அப்பாதையின் கொடுமைகளும் அம்மன்றத்தின்முன் வந்தன.

1948 நவம்பரில் தீர்ப்பு வெளியாயிற்று. 25 பேர் குற்றவாளிகளெனப் பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். அம்மன்றத்தில் இந்தியாவின் நீதிபதியாக வீற்றிருந்த ஸ்ரீ ராதாபினோத் பாலோ, எல்லோரையும் விடுவிக்க வேண்டுமென மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். ஒரே நாடு அனுப்பிய இருவருள் ஒருவர் குற்றஞ் சாட்டும் தரப்பில் நின்றார். மற்றவர் அக்குற்றச்சாட்டை ஏற்க மறுத்தார். இதில் நாட்டுக்கு இழுக்கு யாதுமில்லை. வக்கீல் தம் தரப்பைத் திறம்பட எடுத்துரைப்பதும், நீதிபதி அதற்குக் கட்டுப்படாமல் ஆராய்வதும் ஆகிய இரண்டும் கூடினால்தான் அது விசாரணையாகும், இன்றேல் பழிவாங்கலாகும்.

ஸ்ரீ மேனன் 1947-இல் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதியாகவும், 1956-இல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாகவும் உயர்ந்து, 1957-இல் பதவியிலிருக்கையிலேயே காலமானார்.

சட்டம் பயில விழையும் நம் மாணவர் டோக்கியோவை எண்ணி மயங்க வேண்டுவதில்லை. ஒரு சிறு திருட்டு வழக்கில், தம் தரப்பைத் தளர்த்தும் சாட்சியத்தையும் மறையாது கோர்ட்டில் வைக்கும் துணிவு உண்டா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்க. அத்துணிவுடையார்க்கு உள்ளூர்க் கோர்ட்டும் உலக நீதிமன்றமும் ஒன்றேயாம்.