திரும்பி வர மறுக்கும் ஸ்டீயரிங்

திருப்பத்தைக் கடந்ததும் ஸ்டீயரிங்கைப் பிடித்த கை சற்றுத் தளர்கிறது; சக்கரங்கள் தாமாகவே நேராகின்றன. கார் ஓட்டத் தொடங்கிய சில நாட்களிலேயே உடம்பு இதற்குப் பழகிவிடுவதால், அப்படி ஒன்று நடப்பதே நமக்குத் தெரிவதில்லை. ஒரு நாள் அது நின்றுபோகிறது. திருப்பிய இடத்திலேயே ஸ்டீயரிங் நிற்கிறது. கையால் இழுத்து நேராக்க வேண்டியிருக்கிறது. நெடுஞ்சாலையில் இடப்பக்கம் சிறு திருத்தம் செய்தால் கார் இடப்பக்கமே ஒதுங்குகிறது, வலப்பக்கம் திருத்தினால் வலப்பக்கம். மின்சாரக் கார் என்றால் சந்தேகம் உடனே மோட்டார், சென்சார், மென்பொருள் என்று போகும். ஸ்கேனரில் பிழைக் குறியீடு இல்லையென்றால் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று வண்டியைத் திருப்பித் தருவதும் உண்டு. ஸ்கேனர் மின்சுற்றுகளைப் பார்க்கும். துருப்பிடித்த மூட்டு அதன் கண்ணில் படாது.

ஸ்டீயரிங் ஏன் திரும்பி வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். விமான நிலையத் தள்ளுவண்டியின் சிறு சக்கரங்கள், எந்தப் பக்கம் தள்ளினாலும் தம் அச்சுக்குப் பின்னால் போய் ஒழுங்காகிவிடும். காரின் முன்சக்கரமும் அப்படித்தான். அது திரும்பும் அச்சு மேல்பக்கமாகச் சற்றுப் பின்சாய்ந்திருக்கும். அந்த அச்சை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்த் தரையில் முட்டும். ஆகவே கார் ஓடும்போது டயர் அந்தப் புள்ளியின் பின்னால் இழுபட்டு வருகிறது, இழுபடுவதால் நேராகிறது. இந்தச் சாய்வைப் பட்டறைகளில் காஸ்டர் என்பார்கள். பிரான்ஸைச் சேர்ந்த பொறியாளர் ஆர்தர் கிரெப்ஸ் இதை 1896-லேயே தன் காப்புரிமையில் முன்வைத்துவிட்டார்.

காஸ்டரோடு இன்னும் இரண்டு விஷயங்கள் சேர்கின்றன. திருப்பத்தில் டயரின் ரப்பர் நசுங்கி வளைவதால் பக்கவாட்டு விசை தரைத்தொடுகையின் நடுவில் விழாமல் சற்றுப் பின்னால் விழுகிறது. அதுவும் சக்கரத்தை நேராக்கவே பார்க்கும். மூன்றாவது, திரும்பும் அச்சு உட்பக்கமாகவும் சாய்ந்திருப்பது. சக்கரத்தைத் திருப்பும்போது காரின் முன்பகுதி மயிரிழை உயர்கிறது. விட்டால் எடை அதைக் கீழே, நேர்நிலைக்குக் கொண்டுவருகிறது. இந்த மூன்றுக்கும் மின்சாரம் வேண்டாம். மோட்டார் பழுதானாலும் இவை தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இவற்றைத் தோற்கடிக்கக்கூடியது முக்கியமாக ஒன்றுதான்: உராய்வு.

பவர் ஸ்டீயரிங் இந்த உராய்வை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. ஸ்டீயரிங் தண்டில் முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. நாம் திருப்பும்போது அது எவ்வளவு முறுகுகிறது என்பதை ஒரு சென்சார் அளந்து சொல்ல, மோட்டார் அதற்கேற்பத் துணை தருகிறது. சென்சாருக்குக் கீழே, அதாவது சக்கரங்களை இருபக்கமும் தள்ளித் திருப்பும் பல்தண்டான ராக்கிலோ, சக்கரம் திரும்பும் உருண்டை மூட்டான பால் ஜாயின்டிலோ இறுக்கம் இருந்தால் நம்மோடு சேர்ந்து மோட்டாரும் தள்ளும். திருப்பும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. கையை விட்டதும் கம்பியின் முறுக்கு அவிழ்ந்து, துணையும் குறைந்துவிடுகிறது. இப்போது டயர்கள் தனியாக மூட்டுகளையும் ராக்கையும் மோட்டாரின் பல்சக்கரங்களையும் பின்னோக்கித் தள்ளியாக வேண்டும். போகும்போது ஒளிந்திருந்த இறுக்கம் முழுவதும் வரும்போது வெளிப்படுகிறது. பல கார்களில் நேர்நிலைக்குத் திரும்ப மோட்டாரே சிறிது உதவுமாறு மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. அது வசதிதான். ஆனால் ஓட்டுநர் குறையை உணர்வதற்குள் இறுக்கம் கணிசமாக வளர்ந்திருக்கும்.

அதனால்தான் ‘டைட்டாக இருக்கிறதா?’ என்பதற்கு முன்னால் ‘திரும்பி வருகிறதா?’ என்று கேட்க வேண்டும் என்கிறேன். கனமாக இருந்தும் ஓரளவு திரும்பி வந்தால் துணை குறைந்திருக்கிறது, அல்லது டயரில் காற்று குறைந்திருக்கிறது. லேசாக இருந்தும் திரும்பி வரவில்லையென்றால் காஸ்டர் கோணத்தைச் சந்தேகிக்கலாம். கனமும் சேர்ந்து, திரும்பியும் வராவிட்டால் எங்கோ ஏதோ உரசுகிறது.

முதல் வகைக்கு ஓர் உதாரணம் 2018-இல் கிடைத்தது. டெஸ்லா ஏறத்தாழ 1,23,000 மாடல் எஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. குளிர்நாடுகளில் பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பால் பவர் ஸ்டீயரிங் போல்ட்டுகள் அரிக்கப்பட்டு, மோட்டாரின் துணை அற்றுப்போகக்கூடும் என்பதே காரணம். மூன்றாவது வகைக்கு 2024 அக்டோபரில் ஹோண்டா அமெரிக்காவில் திரும்ப அழைத்த ஏறத்தாழ 17 லட்சம் வண்டிகளைச் சொல்லலாம். அவற்றில் பெரும்பாலானவை பெட்ரோல், ஹைபிரிட் வகையானாலும் ஸ்டீயரிங் மின்சாரக் கார்களில் இருப்பது போன்றதே. மோட்டாரின் விசையைக் கடத்தும் வார்ம் வீல் என்ற பல்சக்கரம், தயாரிப்புக் குறையால் வெப்பத்திலும் ஈரத்திலும் உப்பியது. பற்களுக்கு நடுவிலிருந்த கிரீஸ் படலம் மெலிந்தது. அதை அழுத்தும் ஸ்பிரிங்கும் தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தது. ஓட்டுநர்கள் உணர்ந்தது, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் ஒட்டிக்கொண்டது போன்ற தடங்கல். தீர்வாகச் செய்தது ஸ்பிரிங்கை மாற்றி, கிரீஸ் இடுவது. கணினி கட்டுப்படுத்தும் ஒரு கருவியின் நோய் கடைசியில் கிரீஸில் போய் முடிந்ததை நான் மிக முக்கியமான பாடமாகக் கருதுகிறேன்.

மின்சாரக் காருக்கென்றே சில சங்கதிகள் உண்டு. பெரிய பேட்டரி பல நூறு வோல்ட்டில் இயங்கினாலும், பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங் மோட்டாருக்கு மின்சாரம் 12 வோல்ட் சுற்றிலிருந்தே வருகிறது. நிறுத்துமிடத்தில் முழுக்கத் திருப்பும்போது அது வெகுவாக மின்னோட்டம் கேட்கும். அந்தச் சிறு பேட்டரியோ அதன் இணைப்போ தளர்ந்தால் துணை குறையும். வண்டியின் எடை அதிகம் என்பதால் டயர் காற்றின் குறைவும் சட்டென்று கனமாகத் தெரியும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காரை ஓட்டும் மோட்டாரே பிரேக் பிடிப்பதால், முன்சக்கர இயக்கமுள்ள காரில் திரும்பிவரும் விதம் மாறித் தோன்றலாம். சோதனை ஓட்டத்தில் அந்த பிரேக்கின் அளவைக் குறைத்து, காலியான இடத்தில் மணிக்கு 20, 30 கி.மீ. சீரான வேகத்தில் பார்ப்பது நல்லது. ஒரு நன்மையும் இருக்கிறது: இன்ஜின் சத்தம் இல்லாததால் மூட்டின் கிரீச்சும் ஸ்பிரிங்கின் ‘டங்’கும் தெளிவாகக் கேட்கும்.

பட்டறையில் நடக்க வேண்டிய சோதனை எளிமையானது. அதைத் தவிர்த்துவிட்டு ராக்கை மாற்றச் சொல்வதுதான் வாடிக்கையாளரை நோகடிக்கிறது. காரின் முன்பக்கத்தை உயர்த்துங்கள். ஜாக்கி நிறுவனம் குறித்த இடத்தில் மட்டுமே உட்கார வேண்டும், அடியிலுள்ள பேட்டரிப் பெட்டியில் ஒருபோதும் படக்கூடாது. உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடக்கூடாது. ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்ப, இன்னொருவர் சுருள் ஸ்பிரிங்கின் மேல் விரல் வைத்து உணரட்டும். ஸ்பிரிங் முறுகி, பிறகு துள்ளி விடுபட்டால் அந்த ஸ்பிரிங்கைத் தாங்கும் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங் இறுகியிருக்கிறது. கடைசியாகத் திருப்பிய பக்கமே கார் இழுக்கும் அந்தக் குணத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்ததுதான் தீர்ப்பு சொல்லும் சோதனை: ராக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் இருபக்க டை ராட் எண்டுகளையும் கழற்றிவிடுவது. இப்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனியே கையால் திருப்பலாம். ஒரு பக்கம் இலகுவாகவும் மறுபக்கம் இறுகியும் இருந்தால் குற்றவாளி அங்கேயே இருக்கிறான். பெரும்பாலும் கீழ் பால் ஜாயின்ட். ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, கிரீஸ் கழுவப்பட்டிருக்கும். வெள்ள நீரில் வண்டி நின்ற ஊர்களில் இதை முதலில் பார்க்கலாம். இரு சக்கரங்களும் இலகுவாக இருந்து, ஸ்டீயரிங் மட்டும் கனத்தால் ராக்கையோ தண்டையோ பார்க்க வேண்டும். ஒரு சுற்றில் இரண்டு முறை, அரைச் சுற்றுக்கு ஒருமுறை கனம் வந்து போனால் தண்டின் நடுவிலுள்ள குறுக்கு மூட்டு துருப்பிடித்திருக்கிறது. அதற்காக ராக் முழுவதையும் மாற்றுவது வீண்செலவு.

பழுதைச் சரிசெய்த பிறகு வீல் அலைன்மென்டும், தேவைப்பட்டால் ஸ்டீயரிங் கோண சென்சாரின் பூஜ்ஜியத்தைப் புதிதாகப் பதிவு செய்வதும் பாக்கி. அதைத் தவறவிட்டால் மோட்டார் தவறான ஒரு ‘நடு’வை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கலாம்.

2023 இறுதியில் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் ஸ்டீயரிங்குக்கும் சக்கரங்களுக்கும் இடையில் தண்டே இல்லை. அங்கே கைக்குத் தெரியும் கனமும் நேர்நிலைக்குத் திரும்பும் உணர்வும் இன்னொரு மோட்டார் உண்டாக்குபவை. பால் ஜாயின்ட் இறுகினாலும் கைக்கு அது எட்டாமல் போகலாம். இத்தகைய கார்கள் பெருகினால், ராக்கைத் தள்ளும் மோட்டார் வழக்கத்தைவிட எவ்வளவு கூடுதலாக மின்னோட்டம் எடுக்கிறது என்பதை மென்பொருள் தொடர்ந்து அளந்து, ‘முன்சக்கர மூட்டில் உராய்வு’ என்று ஓட்டுநருக்கு வெளிப்படையாக எச்சரிக்க வேண்டும். அந்த அளவீட்டை வண்டிக்காரரும் பட்டறைக்காரரும் பார்க்க முடிய வேண்டும் என்று இப்போதே கேட்கத் தொடங்கலாம்.