கையைத் தூக்கினால் போதுமா?

நீங்கள் மறைமலை நகரில் ஒரு பள்ளியில் படிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வகுப்பில் நுழைகிறார். "வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் சுற்றுலா போகலாம். யார் யார் வருகிறீர்கள்?" என்று கேட்கிறார். எல்லாக் கைகளும் உயர்கின்றன. "நல்லது. நாளைக்கு ஆளுக்கு 100 ரூபாய் கொண்டு வாருங்கள்" என்கிறார். மறுநாள் எத்தனை பேர் பணத்துடன் வருவார்கள்? அது உங்களுக்கே தெரியும்!

கணிப்பொறி விளையாட்டுகளைத் தனியாக உருவாக்குகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து வருடக்கணக்கில் உழைத்து ஓர் ஆட்டத்தைச் செய்கிறார்கள். அதை வாங்க ஆள் உண்டா என்பதை எப்படி அறிவது?

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-ல் 'ஸ்டீம்' என்ற மின்கடையைத் தொடங்கியது. அங்கே எந்த ஆட்டத்தை விற்பது என்று முதலில் கடைக்காரர்களே முடிவு செய்தார்கள். விண்ணப்பங்கள் குவியவே, 2012 ஆகஸ்டில் அந்த வேலையை விளையாடுவோரிடமே விட்டார்கள். திட்டத்தின் பெயர் 'கிரீன்லைட்', அதாவது பச்சை விளக்கு. உருவாக்கியவர் படங்களையும் காட்சிகளையும் வைப்பார். "இது வந்தால் வாங்குவீர்களா?" என்ற கேள்விக்குப் பார்ப்பவர் 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்வார். போதிய 'ஆம்' சேர்ந்தால் கடைக்குள் இடம். செப்டம்பரில் முதல் 10 ஆட்டங்கள் தேறின.

ஆனால் சில நாட்களிலேயே போலிகளும் கேலி விண்ணப்பங்களும் நிறைந்துவிட்டன. உடனே 100 டாலர் கட்டணம் வைத்தார்கள். (அந்தப் பணம் மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்கான அறக்கொடைக்குப் போயிற்று.) விண்ணப்பிப்பதற்கு விலை வந்தது, வாக்களிப்பதற்கோ விலை இல்லை! "எனக்கு வாக்களித்தால் ஆட்டம் இலவசம்" என்று சிலர் பேரம் பேசவும் தொடங்கினார்கள். 2017 ஜூனில் கிரீன்லைட்டை மூடிவிட்டு, வாக்கெடுப்பே இல்லாமல், ஆட்டத்துக்கு 100 டாலர் கட்டினால் போதும் என்று மாற்றினார்கள். விற்பனை 1000 டாலரைத் தொட்டால் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும்.

அப்படியானால் முன்கூட்டியே பணம் கேட்டால் உண்மை தெரிந்துவிடுமா? 'கிக்ஸ்டார்ட்டர்' என்ற நிதி திரட்டும் முறை அப்படிப்பட்டதுதான். சுற்றுலா பஸ்ஸுக்கு வாடகை 4000 ரூபாய் என்றால், 40 பேரும் கொடுத்தால்தான் பஸ் கிளம்பும். 39 பேர் மட்டும் கொடுத்தால் அத்தனை பணமும் அவரவரிடம் திரும்பிப் போகும்.

புனேயில் 'நாடிங் ஹெட்ஸ்' என்ற சிறு குழு, அசுரர்கள் தூக்கிச் சென்ற தம்பியைத் தேடிப் புறப்படும் 'ராஜி' என்ற பெண்ணைப் பற்றி ஓர் ஆட்டம் செய்தது. 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் ஆதரவு கேட்டார்கள். ஆடிப் பார்க்க ஒரு மாதிரிப் பகுதியும் தந்தார்கள். குறித்த தொகை சேரவில்லை. ஆகவே ஒரு காசும் கைக்கு வரவில்லை! குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் தம் வீட்டை விற்று வேலையைத் தொடரச் செய்தார். 2020 ஆகஸ்டில் ராஜி வெளிவந்தது. அவ்வாண்டே 'தி கேம் அவார்ட்ஸ்' விருதில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பட்டியலில் இடமும் பெற்றது.

இலவச 'ஆம்' ஏமாற்றும்; சரி. பணம் கேட்டபோது கிடைத்த 'இல்லை'யும் இங்கே பொய்த்துவிட்டதே! அறிமுகமில்லாத ஒரு குழுவுக்கு, இன்னும் முடியாத வேலைக்கு, யார்தான் பணம் கட்டுவார்கள்? அந்த 'இல்லை' ஆட்டத்தைப் பற்றியது அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்போது ஸ்டீமில் 'விருப்பப் பட்டியல்' இருக்கிறது. அதில் சேர்ப்பதற்குக் காசில்லை. ஆனால் ஆட்டம் வெளியாகும் அன்று, சேர்த்தவருக்கு ஒரு கடிதம் போகும். ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் புது ஆட்டங்கள் வந்து குவியும் கடையில் அந்த ஒரு கடிதம் பெரிய உதவி. "பட்டியலில் சேருங்கள்" என்று சிறு குழுவினர் கெஞ்சுவது அதற்காகத்தான்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். காகிதத்தில் ஒரு புது ஆட்டம் வரையுங்கள். வகுப்பில், "யார் ஆட வருகிறீர்கள்?" என்று கேட்டுக் கைகளை எண்ணுங்கள். மறுநாள் உணவு இடைவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கி வந்தவர்களையும் எண்ணுங்கள். இரண்டு எண்களையும் நோட்டில் அருகருகே எழுதுங்கள். வராதவர்களிடம் கோபப்படாமல் காரணம் கேட்டு, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.