குண்டின் பருமனும் எட்டும் தொலைவும்

வெலிமடையை உள்ளடக்கிய ஊவா மலைநாட்டில், 19ஆம் நூற்றாண்டின் யானை வேட்டைக்காரர் பெருங்குழல் துப்பாக்கிகளையே நம்பினர். பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் றோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்தினார் என்பர். அவரோ 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கரின் துப்பாக்கி 21 இறாத்தல் எடையுடையது.

பருத்த ஈயக்குண்டு அருகில் நிற்கும் விலங்கை வீழ்த்தும். தொலைவு செல்லச் செல்லக் காற்றுத் தடையால் வேகமிழந்து தாழும். அதன் பின்னுதைப்பும் குறியைக் கெடுக்கும். தொலை இலக்குக்கு வேண்டுவது ஒடுங்கி நீண்ட, கூர்முனைக் குண்டு. அது வேகத்தை நெடுந்தூரம் காக்கும். பிரித்தானியப் படை 1888இல் 0.303 அங்குல விட்டத்தை ஏற்றது. 1910இல் அக்குண்டு கூர்முனை பெற்றது.

இன்று யானையைச் சட்டம் காக்கின்றது. தொலைக்குறி வல்லமைக்கு இலக்குப் பலகையே போதும்.