தீர்ப்பும் மறுதீர்ப்பும்: 'பேட்மேன் வி சூப்பர்மேன்' திரைப்படம் பற்றிய ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

ஒரு படைப்புத் தோன்றிய நாளில் அதற்கு வழங்கப்பெறும் தீர்ப்பு, பெரும்பாலும் அப்படைப்பைப் பற்றியதாக மட்டும் அமைவதில்லை. அதனை எதிர்நோக்கியிருந்தோரின் ஆவலும், அதனோடு போட்டியிட்ட பிற படைப்புகளின் வெற்றியும், அதனை விற்க முனைந்த வணிகரின் ஆரவாரமும் அத்தீர்ப்பிற் கலந்தே நிற்கும். ஆண்டுகள் சில கழிந்தபின் இவை ஒவ்வொன்றாக விலகுகின்றன. அப்பொழுதுதான் படைப்பு தனித்து நின்று நம்மொடு பேசத் தொடங்குகிறது. எனினும், மறுமதிப்பீடு என்பது முன்னைய பழிப்பைப் புகழ்ச்சியாக மாற்றுதலே என்று கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது. முன்னோர் கண்ட குற்றங்களுள் எவை படைப்பினுடையவை, எவை காலத்தினுடையவை எனப் பிரித்தறிதலே மறுமதிப்பீட்டின் பணியாகும்.

இவ்வாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது, அமெரிக்க இயக்குநர் சாக் சினைடர் உருவாக்கி 2016ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் வெளிவந்த 'பேட்மேன் வி சூப்பர்மேன்: டான் ஆஃப் ஜஸ்டிஸ்' என்னும் திரைப்படம். திரைக்கலையைப் பற்றிய இவ்வாய்வு தமிழ் ஆய்விதழில் இடம்பெறுதற்குக் காரணம் ஒன்றுண்டு. பாடவேறுபாடு, கதைக்கோப்பு, குறிப்புப்பொருள் என நாம் நாளும் கையாளும் ஆய்வு முறைகள் மூன்றுக்கும் இப்படம் நல்ல சோதனைக் களமாக அமைகின்றது.

2. படமும் அதன் வரவேற்பும்

சூப்பர்மேன் 1938ஆம் ஆண்டில் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இருவராலும், பேட்மேன் 1939ஆம் ஆண்டில் பாப் கேன், பில் ஃபிங்கர் என்னும் இருவராலும் படைக்கப்பட்ட படக்கதை மாந்தர். முன்னவன் வேற்றுக்கோளிலிருந்து வந்து கான்சாசு நாட்டுப்புறத்தில் வளர்ந்தவன்; வானிற் பறப்பவன். பின்னவன் பெற்றோரைக் கொலையாளியிடம் இழந்த செல்வன். இரவில் முகமூடி அணிந்து குற்றவாளிகளை வேட்டையாடுபவன். இவ்விருவரும் முதன்முறையாக ஒரே திரைப்படத்தில் நடிகர்கள் வாயிலாக எதிரெதிர் நிற்கின்றனர் என்பதே எதிர்பார்ப்பைப் பெருக்கியது. ஹென்றி கேவில் சூப்பர்மேனாகவும், பென் அஃப்லெக் பேட்மேனாகவும் நடித்தனர்.

படத்திற்கு ஏறத்தாழ 25 கோடி டாலர் செலவாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 87 கோடி டாலர் வசூலாயிற்று. இத்தொகை சிறிதன்று. ஆயினும் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 16.6 கோடி டாலர் ஈட்டிய படம், இரண்டாம் வார இறுதியில் ஏறத்தாழ 69 விழுக்காடு சரிந்தது. இதழ்த் திறனாய்வாளருட் பெரும்பான்மையோர் படத்தைக் கடிந்தெழுதினர். ஆண்டின் தாழ்ந்த படங்களை எள்ளி நகையாடும் 'ராசி' விருதுகளுள் நான்கு இதற்குக் கிடைத்தன. மற்றொரு சாரார் இப்படத்தை இவ்வகைப் படங்களுள் தலையாயதென்று போற்றினர். இவ்விரு சாராரும் ஒருவர் சொல்லை மற்றவர் கேளாமலே பல ஆண்டுகள் வாதிட்டனர்.

3. இரு பாடங்கள்

ஒரு நூலைப் பற்றித் தீர்ப்புக் கூறுவார்க்கு முதற்கடமை, தாம் கொண்ட பாடம் எது என்று காண்டல். இப்படத்திற்கு இரு பாடங்கள் உள. திரையரங்குகளில் ஓடியது 151 நிமிடப் பாடம். அவ்வாண்டின் நடுப்பகுதியில் வீட்டிற் காண்பதற்கென வெளியிடப்பெற்றது 182 நிமிடப் பாடம். இடைப்பட்ட 31 நிமிடங்கள் வெறும் அலங்காரமாயின் இங்கு அதனைப் பேசவேண்டுவதில்லை. கதையின் காரண காரியத் தொடர்பே அப்பகுதியில் அடங்கியுள்ளது.

சான்றுகள் மூன்று காண்போம். முதலாவது, ஆப்பிரிக்கப் பாலைவன நிகழ்ச்சி. செய்தியாளர் லோயிஸ் லேனைக் காக்கச் சூப்பர்மேன் அங்குச் செல்கிறான். ஊரார் பலர் கொல்லப்படுகின்றனர். பழி அவன்மேல் விழுகின்றது. திரையரங்குப் பாடத்தில் கூலிப்படையினர் துப்பாக்கியாற் சுடுவதையே காண்கிறோம். கண்ணிலிருந்து எரிகதிர் வீசவல்ல ஒருவன்மேல் துப்பாக்கிக் கொலைப் பழி எங்ஙனம் விழும் என்ற ஐயம் பார்ப்போர்க்கு எழுந்தது. அதற்குப் படத்தில் விடையில்லை. நீண்ட பாடத்தில் கூலிப்படையினர் பிணங்களைத் தீயிட்டுக் கருக்குகின்றனர். அவனே எரித்தான் எனத் தோற்றுவிப்பதே அவர்தம் நோக்கம். அவனுக்கெதிராகச் சான்று கூறிய பெண் அச்சுறுத்தலுக்கு ஆளாகிப் பொய் கூறினாள் என்பதும், பின்னர் அவள் கொல்லப்பட்டாள் என்பதும் அப்பாடத்திலேயே விளங்கும்.

இரண்டாவது, அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தில் குண்டு வெடிக்கும் நிகழ்ச்சி. குண்டு ஒரு சக்கர நாற்காலியில் மறைக்கப்பட்டிருந்தது. சுவரையும் ஊடுருவிப் பார்க்கவல்ல சூப்பர்மேன் அதனைக் காணாதது ஏன்? நாற்காலி ஈயத்தகட்டால் மூடப்பட்டிருந்தது என்று நீண்ட பாடம் விடையிறுக்கின்றது. வெடிப்புக்குப்பின் அவன் காயமுற்றோரைத் தூக்கி வருவதும் அதன்கண் உண்டு. குறுகிய பாடத்திலோ அவன் தீயின் நடுவே வாளா நின்று மறைகிறான். அதனால் அவன் இரக்கமற்றவன் என்ற எண்ணமே பார்ப்போர்க்கு எஞ்சுகின்றது.

மூன்றாவது, பேட்மேனின் சூட்டுக்குறி. அவன் குற்றவாளிகளின் உடலில் வௌவால் வடிவைச் சுட்டுப் பொறிக்கிறான். அக்குறி பெற்றோர் சிறையிற் கொல்லப்படுகின்றனர். அக்கொலையும் லெக்ஸ் லூதர் பணம் கொடுத்துச் செய்வித்ததே என்பது நீண்ட பாடத்திலேதான் புலனாகின்றது. செய்தியாளனாகிய கிளார்க் கென்ட் காத்தம் நகரத் தெருக்களிற் சென்று ஏழை மக்களிடம் கேட்டறியும் பகுதியும் அங்கேதான் உளது. பேட்மேன்மேல் அவன் கொண்ட சினத்துக்கு அதுவே வேர். அப்பகுதி நீங்கியமையால் இருவர் பகையுள் ஒன்று காரணமற்றதாயிற்று.

ஆகவே 2016ஆம் ஆண்டின் திறனாய்வாளர், கதை குழம்பியது என்று கூறியது பிழையன்று. அவர்கள் கண்ட பாடம் குழம்பியதே. நீண்ட பாடத்தைக் கண்டு போற்றுவோர் கூற்றும் பொய்யன்று. இரு சாராரும் வெவ்வேறு பாடங்களைக் கையிற்கொண்டு ஒரே பெயரால் வாதிட்டமையே பூசலின் பெரும்பகுதிக்குக் காரணமாயிற்று.

4. படத்தின் உட்பொருள்

சினைடரின் முந்தைய படமாகிய 'மேன் ஆஃப் ஸ்டீல்' 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் இறுதிப்போரில் மெட்ரோபாலிஸ் நகரின் மாடங்கள் சரிந்தன. மக்கள் மாண்டதைப் படம் பெரிதும் எண்ணிப் பார்க்கவில்லை என்று பலர் குறை கூறினர். அக்குறையையே இரண்டாம் படம் தன் கதைக்கு வித்தாக்கிக்கொண்டது. அதே போரை இம்முறை தெருவில் நின்று காண்கிறோம். பேட்மேனாகிய புரூஸ் வெய்ன் புழுதிப் படலத்தினுள் ஓடுகிறான். அவனுடைய நிறுவனக் கட்டடம் வீழ்கின்றது. பணியாளன் ஒருவன் கால்களை இழக்கிறான். ஒரு சிறுமி தாயை இழந்து நிற்கிறாள். வானிற் பொருவோரை நோக்கிய புரூசின் கண்களில் பகை பிறக்கின்றது. திறனாய்வுக்கு விடையாக ஒரு கதைமாந்தனின் சினத்தையே படைத்துக்காட்டிய படங்கள் மிகச் சிலவே.

அச்சினம் கொள்ளும் வடிவம் இன்னும் கருதத்தக்கது. வேற்றுக்கோளினன் பகைவனாதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பிருப்பினும் அதனை உறுதியெனவே கொள்ளவேண்டும் என்கிறான் புரூஸ். 2001ஆம் ஆண்டு நியூயார்க்குத் தாக்குதலுக்குப்பின் அமெரிக்கத் துணைத்தலைவர் டிக் செனியின் கொள்கையாகப் பேசப்பட்டது இதுவே. 2003ஆம் ஆண்டு ஈராக்குப் போரை ஆதரித்தோர் வாதமும் இத்தகையதே. ஐயத்தையே சான்றாகக் கொள்ளும் இந்நிலை நல்லவனையும் கொலைஞனாக்கும் என்பதே படத்தின் உட்பொருள். மக்கள் போற்றும் வீரனையே அக்கொள்கையின் வாயாக்கியது துணிவான செயல். பேட்மேன் கொலை செய்கிறான் என்று சினந்தோர், அச்செயலைப் படம் வீழ்ச்சியாகக் காட்டுகின்றது என்பதை நோக்கிலர்.

லூதரின் வெறுப்பு வேறு வகையினது. தந்தையின் கொடுமையில் வளர்ந்தவன் அவன். எல்லாம் வல்ல இறைவன் நல்லவனாக இருத்தல் இயலாது; நல்லவனாயின் எல்லாம் வல்லவனாதல் இயலாது என்பது அவன் வாதம். சமயத் தத்துவத்தில் தொன்றுதொட்டு வரும் இவ்வினாவை அவன் சூப்பர்மேன்மேல் ஏற்றி, அவனைக் கொலைகாரனாகவோ பிணமாகவோ ஆக்க முனைகிறான். படம் வெளிவந்த நாள் இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் பெரிய வெள்ளி என்பதும், சூப்பர்மேன் உயிர் துறப்பதோடு கதை முடிவதும், இறுதிக் காட்சியில் சவப்பெட்டிமேல் தூவிய மண் மேலெழுவதும் சேர்த்து எண்ணத்தக்கன.

5. 'மார்த்தா' காட்சி

இப்படத்தில் மிகுந்த எள்ளலுக்கு ஆளான காட்சி ஒன்றுண்டு. பேட்மேன் ஈட்டியை ஓங்கி நிற்கிறான். வீழ்ந்து கிடக்கும் சூப்பர்மேன், மார்த்தாவைக் காப்பாற்று என்கிறான். இருவர் தாயார்க்கும் அப்பெயரே. உடனே பகை தணிகின்றது. தாயர் பெயர் ஒன்றாதலாற் பகைவர் நண்பராயினர் என்று மக்கள் நகைத்தனர்.

படத்தின் தொடக்கக் காட்சியோடு இதனை இணைத்து நோக்கின் பொருள் வேறாகும். அங்குக் கொலையாளியின் குண்டுபட்டு வீழ்ந்த தந்தை, இறுதியில் உச்சரித்த சொல் மார்த்தா என்பதே. அச்சொல்லைத் தன் காலடியிற் கிடப்பவன் வாயிற் கேட்டபொழுது, தான் நிற்குமிடம் தன் பெற்றோரைக் கொன்றவன் நின்ற இடம் என்பதைப் பேட்மேன் உணர்கிறான். வேற்றுக்கோளினன் என வெறுத்தவனுக்கும் ஒரு தாய் உண்டு என்ற அறிவும் உடன் பிறக்கின்றது. ஆகவே மனமாற்றத்துக்குக் காரணம் பெயரொற்றுமை எனல் மேலோட்டமான பொருளே. பின்னர்ச் சிறையில் லூதரைக் காணும்பொழுது, சூட்டுக்கோலை அவன் உடலில் வையாது சுவரில் அறைகிறான் பேட்மேன். மாற்றம் மெய்யானது என்பதற்கு அதுவே சான்று.

எனினும் நகைத்தோர் மேலும் முழுப்பழி சுமத்தலாகாது. உயிர் போகும் நேரத்தில் மகன் தாயைப் பெயர் சொல்லிக் குறிப்பது இயல்புக்கு ஒவ்வாது. அன்றியும், இரண்டு மணி நேரம் வளர்ந்த பகை சில நொடிகளில் மாறுகின்றது. கருத்து ஆழமுடையது, காட்சியின் ஆக்கம் அதனைத் தாங்கவில்லை.

6. நீங்காத குற்றங்கள்

நீண்ட பாடத்தாலும் நீங்காத குற்றங்கள் உள. முதலாவது மூலங்களைப் பொருத்திய முறை. இருவர் போர், ஃபிராங்க் மில்லர் 1986ஆம் ஆண்டில் எழுதிய 'த டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' என்னும் படக்கதையைத் தழுவியது. இறப்பு, 1992ஆம் ஆண்டில் வெளிவந்த சூப்பர்மேன் மறைவுக் கதையைத் தழுவியது. மில்லரின் கதையில் மோதுவோர் நெடுங்காலம் பழகியவர். அப்பழக்கமே மோதலுக்கு அவலச்சுவை தருகின்றது. படத்திலோ இருவரும் அண்மையிலேதான் சந்தித்தவர். முறியத்தக்க நட்பு ஒன்று முன்னர் இல்லாமையின், போரிற் சினம் உண்டு, துயரம் இல்லை.

இரண்டாவது, வருங்காலப் படங்களுக்கு விளம்பரமாகச் செருகப்பட்ட பகுதிகள். கதை முதிரும் வேளையில் வேறு வீரர்களின் பதிவுகளை ஒருத்தி கணினியில் திறந்து காண்பது, கதையின் ஓட்டத்தை அறுக்கும் இடைச்செருகலே. மூன்றாவது, சூப்பர்மேனுக்குப் பேச்சு மிகக் குறைவு. அவனைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர். அவன் உள்ளத்தை அவன் வாயாற் கேட்கும் இடங்கள் அருகியே வருகின்றன. அதனால் அவன் இறப்புக்குப் பார்ப்போர் இரங்கத் தயங்கினர்.

7. காலம் தந்த ஒளி

அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' என்னும் படமும் வீரர்தம் ஆற்றலை அரசு கட்டுப்படுத்தலாமா என்ற வினாவையே எழுப்பி, ஏறத்தாழ 115 கோடி டாலர் ஈட்டியது. அதன் வீரர்கள் பல படங்களில் மக்களோடு பழகியவர். அதனால் அவர்தம் பிரிவு உள்ளத்தைத் தொட்டது. சினைடரின் படம் தோற்றது பொருளால் அன்று, அப்பொருளுக்கு வேண்டிய பழக்கத்தை வளர்க்காமையால் என்பது இவ்வொப்புமையால் விளங்கும். 2021ஆம் ஆண்டில், 242 நிமிடங்கள் ஓடும் 'சாக் சினைடர்ஸ் ஜஸ்டிஸ் லீக்' வெளிவந்தபொழுது, இயக்குநரின் முழுப்பாடத்தைக் காணவேண்டும் என்ற வேட்கையே பல்லாண்டுக் கோரிக்கையாக வளர்ந்திருந்தது புலனாயிற்று. 2025ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கன் உருவாக்கிய 'சூப்பர்மேன்' படமும், பிறநாட்டுப் போரிற் கேளாது தலையிடும் உரிமை அவனுக்கு உண்டா என்று வினவுகின்றது. சுவை வேறாயினும் வினா பழையதே.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இப்படத்தின்மேற் சுமத்தப்பட்ட கதைக்குழப்பம் என்னும் குற்றம் பெரிதும் குறுக்கப்பட்ட பாடத்தினது என்பதும், பொருளற்றது என்னும் குற்றம் படத்துக்குப் பொருந்தாது என்பதும், ஆக்கக் குறை என்னும் குற்றம் எப்பாடத்துக்கும் பொருந்தும் என்பதும் பெறப்படும். அச்சம் நீதியின் உடையணிந்து வரும்பொழுது அதனை நல்லோரும் இனங்காண இயலாது என்பதைப் பல கோடிப் பேர் காணும் வணிகப்படம் ஒன்று சொல்ல முனைந்தது. அம்முயற்சியைப் போற்றுவோர் அதன் குறைகளை மறைத்தல் வேண்டா. குறைகளைக் கண்டோர் அம்முயற்சியை மறுத்தலும் வேண்டா. எப்பாடத்தை நோக்கித் தீர்ப்புக் கூறுகிறோம் என்பதனை முதற்கண் தெளிந்து, பின்னரே குணமும் குற்றமும் நாடுதல் திறனாய்வாளர் கடனாகும்.