புதுக் கணினியில் பழைய ஃப்ளைட் சிமுலேட்டர்

மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் வரிசையில் 2003-இல் வெளிவந்த ‘எ செஞ்சுரி ஆஃப் ஃப்ளைட்’ பதிப்பில் மஸ்கட் விமான நிலையத்தின் பெயர் இன்னும் ஸீப்தான். பெங்களூருக்குப் பறப்பவர் எச்ஏஎல் ஓடுபாதையில் இறங்க வேண்டும். ஹைதராபாத்துக்குப் பறப்பவர் பேகம்பேட்டில். தேவனஹள்ளியும் சம்ஷாபாத்தும் 2008-இல் வந்தவை. ஓமானின் சோஹார் நகரிலுள்ள இன்றைய விமான நிலையமோ 2014-இல் திறக்கப்பட்டது. அதை அந்த மென்பொருள் அறிந்திருக்க வழியே இல்லை. உலகம் அதில் 2003-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பழைய சிமுலேட்டரைத் தேடிப் போகிறவர்களுக்கு அதன் கவர்ச்சியில் பாதி இதுவே.

மீதிப் பாதி வசதி சார்ந்தது. 2020-இல் வந்த புதிய ஃப்ளைட் சிமுலேட்டரை நிறுவ 100 ஜிபிக்கு மேல் இறக்க வேண்டும். பறக்கும்போதும் நிலக்காட்சிகளை இணையத்திலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். சோஹார் துறைமுகத்தை ஒட்டிய ஆலைகளில் ஷிஃப்ட் முடித்து ரூமுக்குத் திரும்பி, மொபைல் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. 2003 பதிப்பு கேட்பது 1.8 ஜிபி வட்டு இடம். அதே வரிசையில் 2006-இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் சுமார் 14 ஜிபி. இரண்டுக்கும் பறப்பதற்கு இணையம் தேவையில்லை. ஊரிலிருந்து பெட்டிக்குள் வந்த சிடியும் ஒரு லேப்டாப்பும் இருந்தால் போதும் என்றுதான் தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கணினி புதிது, வேகமானது. பழைய மென்பொருள் இன்னும் நன்றாக ஓட வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. ஓட மறுப்பதற்கு வேகம் காரணமில்லை. அந்த மென்பொருளை எழுதியவர்கள் அன்றைய விண்டோஸைப் பற்றிச் சிலவற்றை நிரந்தரம் என்று நம்பி எழுதினார்கள். அவை ஒவ்வொன்றாக மாறிப்போயின.

முதலாவது, சிடி. இன்றைய லேப்டாப்பில் சிடி போடும் இடமே இல்லை. யுஎஸ்பியில் செருகும் டிரைவ் வாங்கினாலும் வேலை முடிவதில்லை. 2003 பதிப்பின் நான்கு சிடிகளில் நான்காவது, விளையாடும்போதெல்லாம் டிரைவில் இருந்தாக வேண்டும். அது அசல்தானா என்று சேஃப்டிஸ்க் என்ற பாதுகாப்பு நிரல் சோதிக்கும். விண்டோஸின் ஆழத்தில் உட்கார்ந்து வேலை செய்த அந்த நிரல் பாதுகாப்புக்கு ஓட்டை என்று மைக்ரோசாஃப்டே முடிவு செய்தது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் அதற்கு இடம் தரவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் ஒரு அப்டேட் மூலம் அதை முடக்கியது. காசு கொடுத்து வாங்கிய அசல் சிடி, அசலாக இருப்பதாலேயே ஓடாமல் போன விந்தை இது.

இதற்கு இணையத்தில் கிடைக்கும் ‘சிடி கேட்காத’ கோப்பைத் தேடுவதுதான் பலருக்குத் தோன்றும் குறுக்குவழி. அது நல்ல வழியல்ல. முகம் தெரியாத தளத்திலிருந்து வரும் இயங்கு கோப்போடு வைரஸும் வரலாம். உரிமையை மீறும் நோக்கில் இத்தகைய பூட்டை உடைப்பதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் 2012 திருத்தத்துக்குப் பிறகு குற்றமாக்கியிருக்கிறது. 2003 பதிப்புதான் வேண்டும் என்பவருக்கு, இணையத்தோடு இணைக்காத, அந்த அப்டேட் ஏறாத ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியே நேர்மையான தீர்வு. எஃப்எஸ்எக்ஸ் போதும் என்பவருக்கு வேலை எளிது: ஸ்டீம் என்ற இணையக் கடையில் அதன் பதிப்பு 2014 டிசம்பரில் வெளியானது, சிடி கேட்காது. ஒருமுறை இறக்கும் செலவோடு சரி.

இரண்டாவது தடை, நிறுவும்போதே வரும். தொண்ணூறுகளில் வந்த பல மென்பொருள்கள் 32 பிட்டில் எழுதப்பட்டவை. ஆனால் அவற்றை நிறுவித் தரும் ‘செட்அப்’ நிரல் மட்டும் 16 பிட்டாக இருக்கும். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. வீடு நன்றாக இருக்கிறது, சாவிதான் பூட்டில் நுழையவில்லை என்பது போன்ற நிலை. கணினிக்குள்ளேயே மெய்நிகர்க் கணினி ஒன்றை உருவாக்கி, அதில் பழைய விண்டோஸை ஏற்றி, அங்கே நிறுவிய கோப்புறையை வெளியே நகலெடுத்து வந்தால் சில மென்பொருள்கள் அப்படியே ஓடிவிடும். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். ஆனால் மெய்நிகர்க் கணினிக்குள்ளேயே பறக்க நினைத்தால் ஏமாற்றம்தான். அதன் 3டி வரைகலை பலவீனமானது.

மூன்றாவது தடைதான் அதிகம் பேரைக் குழப்புவது. பழைய சிமுலேட்டர், தான் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே அமைப்புகளை எழுதும். கூடுதல் விமானங்களையும் அங்கேயே வைக்கும். விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் அப்படி எழுத விடுவதில்லை. தடுத்துவிட்டேன் என்றும் சொல்வதில்லை. எழுதியதை ஓசையில்லாமல் ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற வேறு கோப்புறைக்குத் திருப்பி விடுகிறது. போட்ட விமானம் பட்டியலில் வராது, மாற்றிய அமைப்பு மாறாது. தீர்வு மிக எளிது: நிறுவும்போது இடம் கேட்கும் கட்டத்தில் சி டிரைவின் கீழ் நேரடியாக ஒரு கோப்புறையைக் கொடுத்துவிட வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதித் தொல்லை தீரும்.

அடுத்தது நினைவகம். கணினியில் 32 ஜிபி ரேம் இருந்தாலும் 32 பிட் நிரலின் கை 4 ஜிபிக்கு மேல் எட்டாது. பழையவை பல 2 ஜிபியிலேயே நின்றுவிடும். எஃப்எஸ்எக்ஸில் கனமான விமானத்தையும் நுணுக்கமான நிலக்காட்சிகளையும் ஏற்றி மஸ்கட்டிலிருந்து புறப்பட்டவர், மூன்றரை மணி நேரம் பறந்து சென்னையை நெருங்கும்போது நினைவகம் போதவில்லை என்ற அறிவிப்போடு திரை மூடிக்கொள்வதைப் பார்க்கலாம். நிலக்காட்சி அமைப்புகளைக் குறைப்பதைத் தவிர இதற்கு முழு மருந்து இல்லை. காக்பிட் படங்கள் கறுப்பாகிப் போவது மட்டும் பிரச்சினை என்றால், அமைப்புக் கோப்பின் கிராஃபிக்ஸ் பகுதியில் ‘ஹைமெம்ஃபிக்ஸ்=1’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். டைரக்ட்பிளே என்ற பழைய உறுப்பை விண்டோஸின் கூடுதல் வசதிகள் பட்டியலில் தேடி இயக்க வேண்டியிருக்கும். எழுத்துகள் எறும்பு போலத் தெரிந்தால் நிரலின் பண்புகளில் திரை அளவு மாற்றம் உண்டு. பதினைந்து ஊசி கேம்போர்ட் ஜாய்ஸ்டிக்கை விஸ்டாவே கைவிட்டுவிட்டது. அதை அலமாரியில் வைத்துவிட்டு யுஎஸ்பி ஒன்று வாங்குவதே மேல்.

பறப்பதோடு நிற்காமல் விமானம் வடிவமைத்தவர்களின் பாடு இன்னும் கடினம். 2002 பதிப்பின் புரொஃபஷனல் வகையோடு ஜிமேக்ஸ் என்ற 3டி மாடலிங் மென்பொருள் இலவசமாக வந்தது. விலையுயர்ந்த 3டி மென்பொருளான 3டிஎஸ் மேக்ஸின் தம்பி என்று அதைச் சொல்லலாம். அதைக் கொண்டுதான் ஆயிரக்கணக்கான டாலர் செலவழிக்க முடியாத ஆர்வலர்கள் விமானம் செய்யக் கற்றார்கள். 2005-இல் அதன் நிறுவனம் அதைக் கைவிட்டது. இன்றும் விண்டோஸ் 10-இல் ஓடும். நிர்வாகி அனுமதியோடு திறக்க வேண்டும், வரைகலை முறையைக் கேட்கும்போது ஒன்று சரிவராவிட்டால் இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் கோப்பு வேறெந்த மென்பொருளிலும் திறக்காது என்பதுதான் பெரிய வில்லங்கம். ஆகவே ஜிமேக்ஸ் ஓடும் கணினி கையில் இருக்கும்போதே, செய்த வேலையைச் சிமுலேட்டரின் எம்டிஎல் வடிவத்துக்கு மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. அந்த வடிவத்தை மாடல்கன்வர்ட்டர்எக்ஸ் என்ற இலவச மென்பொருள் படித்து, பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் திறக்கக்கூடிய வடிவங்களுக்கு மாற்றித் தரும். பிளெண்டருக்கு வந்துவிட்டால் 2020 சிமுலேட்டர் வரை பாதை உண்டு. அடுத்தவர் செய்த விமானத்தை இப்படி மாற்றுவதற்கு அவருடைய அனுமதி வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு எழுப்பிய சிமுலேட்டரில் சோஹாரின் புதிய ஓடுபாதை இல்லையே என்ற குறையைப் பயனாளரே தீர்த்துக்கொள்ளலாம். ஏர்போர்ட் டிசைன் எடிட்டர் என்ற இலவச மென்பொருள் 2003 பதிப்புக்கும் எஃப்எஸ்எக்ஸுக்கும் விமான நிலையம் வரையும். செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியில் வைத்து, ஓடுபாதை, விமானம் நிற்கும் தளம், இரண்டையும் இணைக்கும் டாக்ஸிவே ஆகியவற்றைக் கோடு கோடாக இழுக்க வேண்டும். ஓய்வுள்ள ஒரு வெள்ளிக்கிழமை போதும். சோஹாருக்கான பன்னாட்டுக் குறியீடு ஓஓஎஸ்எச். அதை உரிய கட்டத்தில் கொடுத்து, உருவாகும் கோப்பைச் சிமுலேட்டரின் ‘ஆட்ஆன் சீனரி’ கோப்புறையில் உள்ள ‘சீனரி’க்குள் போட வேண்டும். மறுமுறை திறக்கும்போது புதிய ஓடுபாதை அங்கே இருக்கும்.